தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் பெல்ட்டும் ஒரு கையெழுத்தும்



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனா ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம், அது ஏற்கெனவே மூட்டை மூட்டையா வந்திருக்கு" என்றார்கள். ஆகவே மெஸ் சாம்பாரைப் பற்றியும், வார்டன் டார்ச் லைட்டைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. நம் கல்லூரி வகுப்பறையில் ஆரம்பித்து ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துப் பாலைவனத்தில் போய் முடிகிற ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். சரித்திரம்தான். ஆனால் நம்மைப் போன்ற இன்ஜினியர்களின் சரித்திரம். கடைசி வரை படியுங்கள்.

நெய்வேலி இல்லை, சஹாரா!

இறுதியாண்டில் எங்களுக்கு 'மெட்டீரியல் ஹேண்ட்லிங்' ஒரு விருப்பப் பாடம். மத்தியானம் இரண்டு மணி வகுப்பு. சாப்பிட்ட சாப்பாடு கண்ணைச் செருகும் நேரம். எங்களைத் தூங்க விடாமல் வைத்திருப்பதற்காகவே சார் நடுநடுவே கேள்வி போடுவார்.

"உலகத்துலேயே நீளமான பெல்ட் கன்வேயர் எங்கே இருக்கு? யாராவது சொல்லுங்க."

"நெய்வேலி சார்!" என்றான் கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன். அவனுக்கு அந்த ஊர். வகுப்பே சிரித்தது.

"நல்ல பதில்தான்பா. ஆனா இது சஹாராவுல இருக்கு. பூ க்ரா என்கிற சுரங்கத்துலேர்ந்து அட்லாண்டிக் கடற்கரை வரைக்கும். சுமார் 98 கிலோமீட்டர். மணிக்கு 2000 டன் பாஸ்பேட் பாறை. ஜெர்மனி க்ரூப் கம்பெனி 1970களின் ஆரம்பத்துல கட்டினது" என்றார் சார்.

கோயம்புத்தூரில் ஆரம்பித்தால் கிட்டத்தட்ட ஈரோடு வரை ஒரு ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒரே பெல்ட் இல்லை, பல பிரிவுகள், ஒன்றின் தலையிலிருந்து அடுத்ததன் வாலுக்குக் கொட்டும். மணல் புயல், கடும் வெயில், கடல் உப்புக் காற்று எல்லாவற்றையும் தாங்கி ஓட வேண்டும். காற்றில் பறந்து விழும் வெள்ளைப் பாஸ்பேட் தூள் பாலைவனத்தில் ஒரு கோடாகப் படிந்து, விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் கூடத் தெரிகிறது. எங்களுக்கு வாய் பிளந்துவிட்டது. பரீட்சையிலும் இரண்டு மார்க் கேள்வியாக வந்தது. எழுதினேன், இரண்டுக்கு இரண்டு.

அந்தச் சுரங்கம் யாருடையது என்று சாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சிலபஸில் அது இல்லை.

புள்ளிக் கோடு

படித்து முடித்து, கன்வேயர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். (பெயர் எதற்கு? நல்ல மனிதர்கள், நல்ல சம்பளம்.) மூன்றாவது வருஷம் ஒரு என்கொயரி வந்தது. ஐட்லர் ரோலர்கள், பெரிய எண்ணிக்கை. சைட் என்ற இடத்தில் 'லாயூன், மொராக்கோ' என்று போட்டிருந்தது. தூசி அதிகம், உப்புக் காற்று, ஆகவே பேரிங் சீல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் 'டிரான் பை' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. கொட்டேஷன் போயிற்று.

ஒரு நாள் சும்மா இருக்கும்போது அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று உலக வரைபடத்தில் தேடினேன். மொராக்கோவுக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது. மற்ற நாடுகளுக்கு இடையே இருப்பது போல முழுக் கோடு இல்லை, புள்ளிக் கோடு. கீழே 'மேற்கு சஹாரா' என்று எழுதியிருந்தது. நமக்குத்தான் தெரியுமே, டிராயிங்கில் புள்ளிக் கோடு என்றால் 'இங்கே ஏதோ இருக்கிறது, மேலே பார்த்தால் தெரியாது' என்று அர்த்தம்.

அன்று ஆரம்பித்த படிப்புதான் இந்தக் கட்டுரை.

பாறையின் கதை

அந்த நிலம் ஸ்பெயினின் காலனியாக இருந்தது, பெயர் ஸ்பானிஷ் சஹாரா. சஹ்ராவி என்ற மக்கள், ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்தவர்கள், அங்கே வாழ்ந்தார்கள். 1947ல் மானுவேல் அலியா மெதினா என்ற ஸ்பானிய நிலவியலாளர் அங்கே பாஸ்பேட் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1963ல் ஐ.நா. அந்த நிலத்தைத் 'தன்னாட்சி பெறாத பிரதேசங்கள்' பட்டியலில் சேர்த்தது. அதாவது, அங்குள்ள மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாக்கி இன்று வரை தீரவில்லை.

பாஸ்பேட் எதற்கு? கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, டி.ஏ.பி. மூட்டை ஞாபகம் வரும். பாறையைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம், அதை அம்மோனியாவோடு சேர்த்தால் டி.ஏ.பி. பயிருக்குப் பாஸ்பரஸ் தேவை, அதற்கு மாற்றுப் பொருள் கிடையாது. நம் நாட்டில் இந்தப் பாறை குறைவு, பெரும்பாலும் இறக்குமதிதான். ஆகவே இது எங்கோ நடக்கிற கதை என்று ஒதுக்கவும் முடியாது.

1972 வாக்கில் பெல்ட் ஓட ஆரம்பித்தது. 1973 மே மாதம் சஹ்ராவிகளின் விடுதலை இயக்கமான போலிசாரியோ தொடங்கப்பட்டது. 1974 அக்டோபரில் அந்த இயக்கத்தினர் பெல்ட்டைத் தாக்கி நாச வேலை செய்தார்கள். தங்கள் நிலத்தில் எது உயிர்நாடி என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது!

1975தான் திருப்புமுனை. மொராக்கோவும் மொரிட்டேனியாவும் "காலனி ஆட்சிக்கு முன் இது எங்கள் நிலம்" என்றன. விஷயம் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அக்டோபர் 16ஆம் தேதி நீதிமன்றம் கருத்துச் சொன்னது: சில பழங்குடிகளுக்கும் மொராக்கோ சுல்தானுக்கும் விசுவாசத் தொடர்பு இருந்தது உண்மை, ஆனால் நிலத்தின் மீது இறையாண்மை இருந்ததாக நிரூபணமாகவில்லை, மக்களின் சுயநிர்ணய உரிமைக்கு இது தடையாகாது.

மூன்றே வாரத்தில், நவம்பர் 6ஆம் தேதி, சுமார் 3,50,000 மொராக்கோ மக்கள் கையில் கொடியும் குர்ஆனுமாக எல்லையைத் தாண்டினார்கள். 'பசுமைப் பேரணி' என்று பெயர். அதற்குச் சில நாள் முன்பே ராணுவமும் உள்ளே நுழைந்திருந்தது. நவம்பர் 14ஆம் தேதி மாட்ரிட்டில் ஸ்பெயின், மொராக்கோ, மொரிட்டேனியா மூன்றும் ஒப்பந்தம் போட்டு நிர்வாகத்தைப் பங்கு பிரித்தன. சஹ்ராவிகளுக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை. சுரங்கக் கம்பெனி மட்டும் மறக்கப்படவில்லை. போஸ்புக்ரா நிறுவனத்தில் 65 சதவீதம் மொராக்கோ அரசின் பாஸ்பேட் நிறுவனமான ஓ.சி.பி.க்கு, 35 சதவீதம் ஸ்பெயினுக்கு என்று ஆயிற்று. அந்த 35ஐயும் ஸ்பெயின் 2002ல் விற்றுவிட்டது.

போர் மூண்டது. பல்லாயிரம் சஹ்ராவிகள் பாலைவனத்தைக் கடந்து அல்ஜீரியாவின் திண்டூஃப் பக்கம் போய்க் கூடாரம் அடித்தார்கள். மொரிட்டேனியா 1979ல் விலகிக்கொண்டது. அதே வருஷம் ஐ.நா. பொதுச்சபை தன் தீர்மானத்தில் மொராக்கோவின் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லையே பயன்படுத்தியது. 1980களில் மொராக்கோ ராணுவம் சுமார் 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலாலும் கல்லாலும் ஒரு சுவர் எழுப்பி, கண்ணிவெடி புதைத்தது. சுரங்கமும் பெல்ட்டும் சுவருக்கு உள்ளே, அகதிகள் வெளியே. 1991 செப்டம்பரில் போர் நிறுத்தம். வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. குழு வந்தது. வாக்கெடுப்பு வரவேயில்லை. 2020 நவம்பரில் போர் நிறுத்தமும் முறிந்தது.

திண்டூஃப் முகாம்களில் 2018ல் ஐ.நா. கணக்குப்படி சுமார் 1,73,000 பேர். முகாம்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் என்ன தெரியுமா? எல் ஆயுன், ஸ்மாரா, தக்லா, அவுசெர்த், பூஜ்தூர். எல்லாம் விட்டுவிட்டு வந்த ஊர்களின் பெயர்கள். நான் ரோலர் வரைந்த 'லாயூன்'தான் அந்த எல் ஆயுன். அந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்றில் பெல்ட், மற்றதில் அந்தப் பெல்ட்டின் மீது உரிமை கோருபவர்கள்.

போக்கியத்துத் தோப்பு

"சரிப்பா, அது அரசாங்கங்களோட சண்டை. கம்பெனிக்கு என்ன சம்பந்தம்? இன்ஜினியருக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இதற்குப் பதில் நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

1907ஆம் ஆண்டின் ஹேக் போர் விதிகளில் 55ஆம் விதி ஒன்று. ஆக்கிரமித்த அரசு, அந்த நிலத்தின் பொதுச் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடாது. அதை நிர்வகிக்கலாம், அதன் பலனை அனுபவிக்கலாம், மூலத்தைக் கெடுக்கக் கூடாது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் போக்கியத்துக்கு எடுத்த தென்னந்தோப்பு. காய் பறிக்கலாம், மரத்தை வெட்டி விற்க முடியாது. பாஸ்பேட்டோ காய் இல்லை. தோண்டி எடுத்தது மறுபடி முளைக்காது. சிக்கலே அதுதான். 47ஆம் விதி இன்னும் சுருக்கம்: கொள்ளையடிப்பது தடை.

இந்த விதிகள் கம்பெனிக்காரர்களையும் தொடும் என்று காட்டியது நியூரம்பர்க். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அங்கே தொழிலதிபர்களையும் கூண்டில் ஏற்றியது. 1948 ஜூலை கடைசியில் இரண்டு தீர்ப்புகள். முதலாவது ஐ.ஜி. ஃபார்பென் என்ற ரசாயனப் பெருநிறுவனத்தின் இயக்குநர்கள் மீது. போலந்தின் சாயத் தொழிற்சாலைகளைப் பறித்தது, ஆஷ்விட்ஸ் அருகே மோனோவிட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை கட்டக் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கியது ஆகியவை குற்றச்சாட்டில் இருந்தன. 13 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பில் ஒரு கருத்து நம் மாதிரி ஆட்கள் கவனிக்க வேண்டியது: உரிமையாளரின் மனமுவந்த சம்மதம் இல்லாமல், ஆக்கிரமிப்பின் பலத்தில் வாங்கிய சொத்து, முறையாக ஒப்பந்தம் எழுதிப் பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் கொள்ளைதான். பேப்பர் சரியாக இருப்பது போதாது.

இரண்டாவது தீர்ப்பு யார் மீது தெரியுமா? க்ரூப்! அல்ஃப்ரீட் க்ரூப்பும் அவருடைய அதிகாரிகள் பதினோரு பேரும். பிரான்சின் மூல்ஹவுஸ் நகரத்து எல்மாக் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துப் போனது, நெதர்லாந்திலிருந்து இயந்திரங்களை அள்ளியது, அடிமை உழைப்பு. அல்ஃப்ரீடுக்கு 12 வருஷம் சிறை. 1951லேயே வெளியே வந்துவிட்டார், சொத்தும் திரும்பக் கிடைத்தது, அது வேறு கதை.

பூ க்ரா பெல்ட்டைக் கட்டியதும் அதே பெயர் கொண்ட நிறுவனம்தான் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அல்ஃப்ரீட் 1967லேயே இறந்துவிட்டார். பெல்ட் கட்டும்போது மேற்கு சஹாராவுக்கு மொராக்கோ ராணுவம் வரவில்லை, அது ஸ்பெயின் காலனி. கட்டியவர்கள் குற்றவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது இதுதான்: இன்ஜினியர் ஒரு இயந்திரத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார். ஊரின் தலைவிதி மாறுகிறது. இயந்திரம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. அப்போது அதற்கு ரோலர் மாற்றுகிறவன், பெல்ட் ஒட்டுகிறவன், கரண்ட் கொடுக்கிறவன், சரக்கு ஏற்றுகிறவன், இவர்களெல்லாம் யார் பக்கம்?

சட்டம் என்ன சொன்னது?

2001ல் பிரான்சின் டோட்டல்ஃபினாஎல்ஃப், அமெரிக்காவின் கெர்-மெக்கீ என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் மேற்கு சஹாராக் கடலில் எண்ணெய் தேட மொராக்கோவுடன் ஒப்பந்தம் போட்டன. இது செல்லுமா என்று பாதுகாப்பு சபை தன் சட்டப் பிரிவைக் கேட்டது. ஐ.நா.வின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஹான்ஸ் கோரெல் 2002 ஜனவரியில் பதில் எழுதினார். தேடுவதற்கான அந்த ஒப்பந்தங்கள் மட்டும் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கு சஹாரா மக்களின் நலனையும் விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் மேற்கொண்டு தேடுவதும் எடுப்பதும் நடந்தால், அது சர்வதேசச் சட்டத்தின் கொள்கைகளை மீறுவதாகும். மாட்ரிட் ஒப்பந்தம் இறையாண்மையை யாருக்கும் மாற்றித் தரவில்லை என்றும் சொன்னார்.

'நலனும் விருப்பமும்' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். "அங்கே ரோடு போட்டோம், வேலை கொடுத்தோம்" என்பது நலன். "உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டோம்" என்பது விருப்பம். முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தாண்ட முடியாது. டோட்டல் 2004ல் விலகியது. நார்வே அரசின் எண்ணெய் நிதியம் 2005ல் கெர்-மெக்கீ பங்குகளை விற்று வெளியேறியது, மறு வருஷம் கெர்-மெக்கீயும் கிளம்பிவிட்டது.

ஐரோப்பிய நீதிமன்றத்திலும் இதே வாதம். மொராக்கோவோடு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விவசாய, மீன்பிடி ஒப்பந்தங்களை மேற்கு சஹாராவுக்கு நீட்டியது செல்லாது என்று 2016ல் தொடங்கி 2024 அக்டோபர் வரை வரிசையாகத் தீர்ப்புகள். அங்கே வசிப்பவர்களிடம் ஆலோசனை கேட்டோம் என்றது ஒன்றியம். வசிப்பவர்கள் வேறு, மேற்கு சஹாராவின் 'மக்கள்' வேறு என்றது நீதிமன்றம். ஏனென்றால் வசிப்பவர்களில் பெரும்பாலோர் பிறகு வந்து குடியேறியவர்கள், மக்களில் பெரும்பகுதி சுவருக்கு வெளியே.

இருபத்தேழரை மணி நேரம்

2017 மே 1ஆம் தேதி. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் துறைமுகத்தில், எரிபொருள் முதலான தேவைகளுக்காக ஒதுங்கிய 'என்.எம். செர்ரி பிளாசம்' என்ற கப்பலை நீதிமன்ற உத்தரவு தடுத்து நிறுத்தியது. உள்ளே பூ க்ரா பாஸ்பேட், சுமார் 55,000 டன், மதிப்பு ஏறத்தாழ 50 லட்சம் டாலர். போக வேண்டியது நியூஸிலாந்து. "இந்தச் சரக்கு எங்கள் மண்" என்று சஹ்ராவி குடியரசும் போலிசாரியோவும் வழக்குப் போட்டிருந்தன.

இது அரசியல் வழக்கு, இதில் கலந்துகொள்ள மாட்டோம் என்று ஓ.சி.பி. விலகிக்கொண்டது. 2018 பிப்ரவரியில் சரக்கின் உரிமை சஹ்ராவி குடியரசுக்கே என்று தீர்ப்பு. கப்பல் ஒரு வருஷம் அங்கேயே நின்றது. வாங்க ஆள் இல்லாமல் கடைசியில் சரக்கு அடையாள விலைக்குக் கைமாறிற்று. அதே 2017ல் பனாமாவில் பிடிபட்ட இன்னொரு கப்பலை, எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று நீதிமன்றம் விட்டுவிட்டதையும் சொல்ல வேண்டும். சட்டம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பேசுவதில்லை.

பழக்க தோஷம், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55,000ஐ 2000ஆல் வகுத்தால் இருபத்தேழரை. நீதிமன்றத்தில் ஒரு வருஷம் போராடி நிறுத்திய சரக்கு, பெல்ட் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளும் சொச்சமும். ஆனாலும் அந்த ஒரு கப்பல் வீண் போகவில்லை. அதற்குப் பின் இந்தச் சரக்கோடு அந்தத் துறைமுகப் பக்கம் போகக் கப்பல்காரர்கள் யோசித்தார்கள். பல வருஷம் பெரிய அளவில் வாங்கிவந்த வட அமெரிக்க உர நிறுவனங்கள் இணைந்து உருவான நியூட்ரியன், 2018 இறுதியோடு வாங்குவதை நிறுத்தியது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2013ல் எல் ஆயுன் அருகே ஃபும் எல் உவேத் என்ற இடத்தில் 50 மெகாவாட் காற்றாலைப் பண்ணை இயங்க ஆரம்பித்தது. சீமென்ஸ் இயந்திரங்கள், 22. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, காற்றாலை என்றாலே நல்ல காரியம். ஆனால் அந்த மின்சாரத்தின் முக்கிய வாடிக்கையாளர் யார்? பூ க்ராவின் சுரங்கமும் பெல்ட்டும்தான்! புகை இல்லாத மின்சாரம் என்பதால் கேள்வி இல்லாத மின்சாரம் ஆகிவிடுமா?

மறுதரப்பு

ஒரு பக்கமே பேசினால் பட்டிமன்றம் ஆகிவிடும். மொராக்கோ இதை ஆக்கிரமிப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை, தெற்கு மாகாணங்கள் என்றே சொல்கிறது. பூ க்ராவில் இருப்பது எங்கள் மொத்தப் பாஸ்பேட் இருப்பில் சுமார் 2 சதவீதம்தான், வருவாயை அந்தப் பகுதிக்கே செலவிடுகிறோம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை தருகிறோம் என்கிறது ஓ.சி.பி. 2020 டிசம்பரில் அமெரிக்கா மொராக்கோவின் இறையாண்மையை அங்கீகரித்தது. ஸ்பெயின் 2022லும் பிரான்ஸ் 2024லும் மொராக்கோவின் சுயாட்சித் திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தன. போலிசாரியோவும் மாசற்றதல்ல. போர்க் கைதிகளைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது, கடைசி 404 பேரை 2005ல்தான் விட்டது. நம் இந்தியாவும் சஹ்ராவி குடியரசை 1985ல் அங்கீகரித்து, 2000ல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வேலை கொடுத்தார்கள் என்பதும் முழுக் கதை இல்லை. 2010 அக்டோபரில் எல் ஆயுனுக்கு வெளியே க்தேய்ம் இஸிக் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான சஹ்ராவிகள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். கேட்டது வேலை, வீடு, சமமான நடத்தை. நவம்பர் 8ஆம் தேதி பாதுகாப்புப் படைகள் கூடாரங்களைக் கலைத்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. எல்லோரும் திருப்தியாக இருக்கிற ஊரில் இது நடக்காது.

டைட்டில் பிளாக்கில் இல்லாத கட்டம்

என் ரோலர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஆர்டர் வரவில்லை. நான் மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. எங்கள் விலை அதிகம் என்று அவர்கள்தான் மறுத்தார்கள். ஆர்டர் வந்திருந்தால்? வரைபடத்தைப் பார்த்த மறுநாள் மேனேஜரிடம் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தேன். "நமக்கு எதுக்குப்பா அரசியல்? இன்வாய்ஸ் காஸாபிளாங்காவுக்கு, பணம் எல்.சி.யில வருது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர். நான் பேசாமல் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக் கடன் இருந்தது. அந்த மௌனம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது, ரோலர் அல்ல.

அன்று எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2011லேயே ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், ஜான் ரக்கி என்ற பேராசிரியர் தயாரித்த வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. நிறுவனங்களுக்கும் மனித உரிமைகளை மதிக்கும் பொறுப்பு உண்டு, அரசாங்கம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உண்டு என்கின்றன அவை. தான் நேரடியாகச் செய்யும் தீங்கு மட்டுமல்ல, தன் பொருளும் சேவையும் போய்ச் சேரும் இடத்தில் நடக்கும் தீங்கையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். போரும் ஆக்கிரமிப்பும் உள்ள இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இது சட்டம் போலக் கட்டாயப்படுத்தாது. ஆனால் மேனேஜர் முன்னால் நிற்கும்போது, "இது என் சொந்த அரசியல் இல்லை சார், கம்பெனியோட ரிஸ்க்" என்று சொல்ல ஒரு பிடிமானம். செர்ரி பிளாசம் கதையையும் சேர்த்துச் சொன்னால், கணக்குப் பிரிவுக்கும் காது கேட்கும்!

தம்பி தங்கைகளே, வேலையை ராஜினாமா செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சைட் எந்த ஊர், அந்த ஊர் யாருடையது என்பதில் தகராறு உண்டா? எடுக்கிற பொருளின் சொந்தக்காரர்களைக் கேட்டார்களா, கேட்டதற்கு என்ன அத்தாட்சி? நாம் கொடுக்கும் பொருள் இல்லாவிட்டால் அந்த வேலை நிற்குமா? மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், நாம் வெறும் சப்ளையர் இல்லை. கேள்வியை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் 'எதுக்குப்பா அரசியல்' என்று முடிந்துவிடும். எழுத்தில் கேட்டால் யாராவது எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

டிரான், செக்டு, அப்ரூவ்டு. டைட்டில் பிளாக்கில் மூன்று கட்டம். 'யாரைக் கேட்டீர்கள்?' என்று நான்காவது கட்டம் எந்த ஸ்டாண்டர்டிலும் இல்லை. அதை நாம்தான் மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

போன முறை சந்திப்பில் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று, பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ரெண்டு மார்க் கேள்வியா கேட்டேனேடா. பதினாறு மார்க் கேள்வியா கேட்டிருக்கணும்" என்றார்.

சார், பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. மன்னிக்கவும். பதினாறு மார்க்குக்கு இவ்வளவு எழுதலாம்தானே?

சந்திப்பில் பார்ப்போம். வணக்கம்.

— 2010ஆம் ஆண்டு அணி, மெக்கானிக்கல் பிரிவு